மிச்சம் இருந்தால் சொல்லுங்கள்

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, சும்மா கிடைக்கும் பொருளுக்குத் தானாக முன்வந்து காசு கொடுத்த ஒரு மனிதன்கூடப் பிறக்கவில்லை என்று கிளமெண்ட் சனிக்கிழமை காலை அறிவித்தான். வாயில் பிரஷ் இருந்தது. ஆனாலும் அறிவிப்பில் தெளிவுக்குக் குறைவில்லை.

கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று, குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த அக்கா லவினா. இன்னொன்று, பக்கத்து வீட்டுச் சேவல். இருவருமே மறுத்துப் பேசவில்லை. எனவே கிளமெண்ட் அடுத்த கட்டத்துக்குப் போனான்.

அப்படியே எவனாவது கொடுத்தாலும் பேர் போட்டுத்தான் கொடுப்பான் என்றான். ஆதாரமும் வைத்திருந்தான். சர்ச்சில் தொங்குகிற மின்விசிறிகளில் ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு குடும்பத்தின் பேர் எழுதியிருக்கிறது. சுற்றினால் பேர் தெரியாது. அதனால் மே மாதத்தில்கூட அந்தக் குடும்பங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை சுவிட்சைத் தொட யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. ஆராதனை முழுவதும் சபையே பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொள்கிறது.

"பேரும் போடாம, யாரும் கேக்காம ஒருத்தன் துட்டு குடுத்தான்னு வெச்சிக்கக்கா, அவன நான் பாக்கணும். புடிச்சிக் கண்ணாடிப் பொட்டில வெக்கணும்."

லவினா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "முடிச்சிட்டியா? வாயக் கொப்புளிச்சிட்டு வந்து நான் சொன்னதப் போடு."

போன வாரம், மத்தியான ரயிலில் ஒரு துணிப்பையும் தோளில் ஒரு கீபோர்டுமாக தங்க வயலில், ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கிய லவினாவை ஊரே பார்த்தது. பெங்களூரில் பில்லிங் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவள். மேனேஜர் நல்ல மனிதர். திங்கட்கிழமை காலைக்குள் திரும்பி வந்தால் நாற்காலி அப்படியே இருக்கும், வராவிட்டால் வேறு ஆள் உட்கார்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றிலிருந்து அம்மா டீனா மகளிடம் நேரடியாகப் பேசுவதில்லை. பாத்திரங்கள் மூலமாகத்தான் பேசுகிறாள். குக்கர் மூடி டங்கென்று விழுந்தால் "வேலையை விட்டுட்டு வந்தியே" என்று பொருள். கரண்டி சுவரில் மோதினால் "ஊர் இன்னா சொல்லும்" என்று பொருள்.

அப்பா கொர்னேலியஸ் மட்டும் வாயால் பேசினார். சனிக்கிழமை ராச்சாப்பாட்டுக்குள் அந்தப் பாட்டு விஷயம் ஏதாவது ஒரு விதத்தில் நிற்கிறது என்று காட்டு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் ரயில் என்று சொல்லிவிட்டார். லவினா சரி என்று சொல்லியிருந்தாள். அந்தச் சனிக்கிழமைதான் இது.

பாட்டு விஷயம் என்னவென்றால், டிசம்பரில் பாடுகிற பழைய பாட்டுகளை லவினா நாலு குரலாகப் பிரித்து, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தாள்; முதல் பாட்டு தயார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத ஆளும் போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே தன் குரலை மட்டும் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். தங்க வயலில் குரலுக்குப் பஞ்சமில்லை. சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. சொல்லிக் கொடுக்கக் கூடியவர்கள் எல்லாம் பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டு போய் வருகிறார்கள்.

பாட்டைப் போடப் போகிற இடம் 'லைன் வீடு'. சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன்களின் பேரில் கிளமெண்ட் கல்லூரிக் கடைசி வருடத்தில் புராஜெக்டுக்காகக் கட்டிய இணைய மன்றம். சுரங்கம் மூடியபின் உலகம் முழுக்கச் சிதறிப்போன நம் ஆட்கள் ஒன்றுகூடி அன்பைப் பரிமாறிக்கொள்வார்கள் என்று அறிக்கையில் எழுதி மதிப்பெண் வாங்கினான். அவர்களும் ஒன்றுகூடினார்கள். எந்த லைனில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு இருந்தது என்று அன்றாடம் சண்டை போட்டார்கள்.

லவினா மூன்று விஷயம் கேட்டிருந்தாள். பாட்டுக்கு விலை போடக் கூடாது, அவரவருக்குத் தோன்றியதை அவரவரே கட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பூஜ்யம் என்று எழுதினாலும் பாட்டு கிடைக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

கிளமெண்ட் முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தான். மூன்றாவதற்கு வந்ததும் விரல் நின்றது. மனித குலத்தைப் பற்றி இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சோதித்துப் பார்க்காமல் விடுவது கல்விக்கே துரோகம் என்று பட்டது. பேரும் தொகையும் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தான். பெரிய தொகை மேலே வரும்படியும் வைத்தான். அக்காவிடம் "எல்லாம் ஆச்சு" என்றான்.

லவினா நம்பினாள். போனை அணைத்துவிட்டு, அடுத்த பாட்டைப் பதிவு செய்ய உள்ளறைக்குப் போனாள். காற்றடித்தால் தகரக் கூரை படபடவென்று கூடவே பாடுகிற வீடு அது. அதனால் பதிவு செய்வதென்றால் கட்டிலுக்கு அடியில் படுத்து, மேலே இரண்டு கம்பளி போர்த்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அந்த நேரத்தில் வீட்டில் பூகம்பம் வந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

வந்தது.

மெல்போர்னிலிருந்து ஹரோல்ட்தான் முதலில் வந்தார். அங்கே நம் ஆட்களைச் சேர்த்து ஒரு கொயர், அதாவது பாட்டுக் குழு, நடத்துகிறவர், வருடா வருடம் டிசம்பரில் அத்தனை பேரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து பாட்டுப் போட்டியில் நிற்கிறவர். பக்கத்தைப் பார்த்தார், கட்டத்தில் ஐந்நூறு என்று எழுதிப் பணத்தைக் கட்டினார்.

கொஞ்ச நேரத்தில் பெங்களூரிலிருந்து சைலஸ் வந்தார். அவரும் ஒரு கொயர் நடத்துகிறார். அதே போட்டிக்குத்தான் வருகிறார். ஹரோல்ட்டின் பேரைப் பார்த்தார். ஐந்நூற்றைம்பது கட்டினார்.

ஹரோல்ட் திரும்பி வந்து இன்னும் கட்டினார். சைலஸும் வந்தார். மன்றத்தில் கூட்டம் சேர்ந்தது. ஓசூரிலிருந்து ஒருத்தர் சைலஸை விட்டுக்கொடுக்காதே என்றார். துபாயிலிருந்து ஒருத்தர், ஹரோல்ட் டாலரில் சம்பளம் வாங்குகிறவர், இது அநியாயம் என்றார்.

கிளமெண்டுக்குத் தலைகால் புரியவில்லை. தன் ஆராய்ச்சி இவ்வளவு சீக்கிரம் கண்ணெதிரே நிரூபணமாகும் என்று அவனே நினைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. பணம் கட்டிய இரண்டு பேரும் பாட்டை எடுத்துக்கொள்ளவே இல்லை. வேடிக்கை பார்க்க வந்த மற்றவர்களும் கட்டத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. எடுத்துக்கொள் என்கிற பொத்தான் அம்போவென்று நின்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவர்கள் ஏலம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறுப்பின் பண்டிகை வந்தால் நம் சபையில் ஏலம் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பூசணிக்காய், வாழைத்தார், முட்டையிடுகிற கோழி, கேக் என்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுப்பதை மேடையில் வைத்து ஏலம் விடுவார்கள். கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கக்கூடிய பூசணிக்காய் அங்கே நாலாயிரத்துக்குப் போகும். ஆளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டே போவார்கள். மூன்று தரம் சொல்லி முடிக்கும்வரை யாரும் பொருளைத் தொட மாட்டார்கள். பேரும் தொகையும் சத்தமாக எழுந்து நிற்கிற இடத்தை நம் ஆட்கள் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே மாதிரி ஒன்றைத் திரையில் பார்த்ததும் இதுவும் அதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் கிளமெண்ட் பக்கத்தை மூடிவிட்டு அக்காவின் கம்பளியை விலக்கியிருக்கலாம். அவன் சிரித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டான்.

கொர்னேலியஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையை நீட்டி, தூரத்தில் வைத்துப் பார்த்தார். அவர் சுரங்கத்தில் ஷாஃப்ட் குழி வாயிலில் பெல் அடிக்கிற வேலையில் இருந்தவர். அவர் பெல் அடித்தால்தான் ஆட்களைச் சுமக்கும் இரும்புக் கூண்டான கேஜ் இறங்கும், ஏறும். சுரங்கம் மூடியபின் பெங்களூரில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தார். ஆனால் அந்த இரண்டு வேலைகளையும்விடச் சபையில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறு. கோர்ட்டு ஆணைகூட மேல்முறையீட்டில் மாறும், கொர்னேலியஸ் சொன்ன மூன்றாம் தரம் மாறாது என்பார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தை விடுகிறவர் அவர்தான்.

"இன்னாடா இது, ஏலக்காரன் இல்லாம ஏலம் நடக்குது?" அவர் குரலில் கோபமில்லை. ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிற பஸ்ஸைப் பார்த்தவனின் பதற்றம்தான் இருந்தது.

இது அக்கா சொன்ன மாதிரி இல்லை என்று கிளமெண்ட் ஒரு வார்த்தை முனகினான். அவர் காதில் விழவில்லை. மைக் படத்தை எப்படி அழுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

பிறகு நடந்ததை மன்றத்தில் இருந்த எவரும் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆலய மைதானத்தில் நிற்கிற பாவனையில், நடு வீட்டில் நின்றபடி கொர்னேலியஸ் குரல் செய்தி அனுப்பத் தொடங்கினார். மெல்போர்ன் இவ்வளவு, பெங்களூர் இவ்வளவு, பெங்களூருக்குத் தண்ணி காட்டுறாங்கப்பா, சைலஸ் பேசாம இருக்கலாமா என்று ஏற்றிவிட்டார். டீனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். தொகை லவினாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. இரண்டு மாதத்தைத் தொட்டது. சைலஸ் அடங்கினார்.

"மெல்போர்ன் ஹரோல்ட். ஒரு தரம். ரெண்டு தரம்." கொர்னேலியஸ் மூச்சை இழுத்து நிறுத்தினார். அந்த இடைவெளியை அவர் ஒருபோதும் அவசரப்படுத்தியதில்லை. "மூணு தரம்."

ஹரோல்ட்டின் பதில் உடனே வந்தது. அண்ணனுக்கு நன்றி என்றார். பாட்டு இனி எங்கள் கொயருக்கு மட்டும், ஆகவே பக்கத்திலிருந்து இறக்கிவிடுங்கள், குறிப்பாகச் சைலஸ் கையில் போய்விடக் கூடாது என்றார்.

டீனா உள்ளே போனாள். அன்று மத்தியானம் குக்கர் மூடி சத்தமே போடவில்லை. மகள் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக முட்டைக் குழம்பு வைத்தாள்.

லவினா வேர்த்து விறுவிறுத்து, தலைமுடி நெற்றியில் ஒட்ட, கம்பளிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது தட்டில் சோறு தயாராக இருந்தது. அம்மாவே எடுத்துக் கையில் கொடுத்தாள். "சாப்பிடு" என்றாள், வாயால்.

லவினா தட்டையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"வித்துட்டேம்மா," என்றார் கொர்னேலியஸ். மகளின் தலையில் கை வைத்தார். "நீ ரயிலு ஏற வேணாம்."

எப்படி, யாருக்கு, எவ்வளவுக்கு என்பதையெல்லாம் அவரே சொன்னார். நல்ல விற்பனை என்பதால் கொஞ்சம் நடித்தும் காட்டினார். லவினா ஒரு கவளமும் எடுக்கவில்லை. போனைப் போட்டு மன்றத்தைத் திறந்து, மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனாள். பேர்களையும் தொகைகளையும் பார்த்த இடத்தில் ஒரு தரம் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் வெள்ளைப் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. அதில் பார்க்க ஒன்றுமில்லை.

கடைசியில் ஒரு செய்தியில் அவள் கட்டைவிரல் நின்றது. ஊரிகத்திலிருந்து மரியகுழந்தை என்கிற அம்மாள் எழுதியது. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவர். மாதா கோயிலில் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துப் பாட வைக்கிறவர். அங்கே ஆர்கனும் இல்லை, பாட்டு சொல்லிக் கொடுக்க மாஸ்டரும் இல்லை.

'நாங்க ஏலத்துல இல்லீங்க. எங்களால முடியாது. ஏலம் முடிஞ்ச பொறவு மிச்சம் இருந்தா சொல்லுங்க. ஆல்ட்டோ மட்டும் இருந்தாலும் போதும்.'

இந்தச் செய்தி வந்தபோது கிளமெண்ட் விழுந்து விழுந்து சிரித்திருந்தான். பாட்டுல மிச்சம் கேக்குறாங்க, வாழத்தாருல அடிச்சீப்பு கேக்குற மாதிரி என்று நண்பர்களுக்கு அனுப்பக்கூடச் செய்திருந்தான். லவினா சிரிக்கவில்லை. தட்டைத் தரையில் வைத்தாள்.

"டேய். ஹரோல்ட் அங்கிள் துட்டத் திருப்பி அனுப்பு. சைலஸ் அண்ணனுதும்."

கிளமெண்ட் அப்பாவைப் பார்த்தான்.

கொர்னேலியஸ் முதலில் அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தார். தொகையை இன்னொரு தரம் சொன்னார். அவளுக்குப் புரிந்திருந்தது. பூசணிக்காயை ஒருத்தர் எடுத்துக்கொண்டு போனால் இன்னொருத்தருக்குக் கிடைக்காது, இதை நூறு பேர் எடுத்தாலும் அப்படியேதான் இருக்கும், இதை ஏலம் விட முடியாது என்றாள்.

"தீராத பொருளுக்கு இன்னாத்துக்கு துட்டு?" என்று கேட்டார் அவர். கேட்டதில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"பொருளுக்கு இல்ல டாடி. கட்டிலுக்கு அடியில படுத்துக்கினு பாடுனேனே, அதுக்கு. குடுக்கணும்னு தோணுனவங்க குடுக்கட்டும். தோணாதவங்க பாடட்டும்."

கொர்னேலியஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வாயிலிருந்து வந்த மூன்றாம் தரம் இதுவரை திரும்பி உள்ளே போனதில்லை என்றார். ஒரு தடவை சொந்த மச்சானுக்கே கோழியை விட்டுக்கொடுக்காமல் ஒரு வருடம் பேச்சில்லாமல் இருந்த கதையைச் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பிறகு, இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்கிற குரலில் சொன்னார்:

"பெல் அடிச்சிட்டேன். கேஜ் போயிடுச்சு. நடுவுல நிறுத்த முடியாது."

"பெல் அடிச்சது நீங்க. கேஜுல நிக்கிறது நானு," என்றாள் லவினா. "ஆளு ஏறிட்டானா, கதவு மூடிட்டானான்னு கேக்காம நீங்க ஒரு நாளாவது பெல் அடிச்சிருக்கீங்களா டாடி?"

வேலையில் இருந்த காலம் முழுவதும் மேலதிகாரி எவனும் கொர்னேலியஸிடம் கேட்டிராத கேள்வி அது. கேட்க அவர் இடம் வைத்ததில்லை.

"அப்ப திங்கக்கெழம ரயிலு," என்றார் கடைசியில், தரையைப் பார்த்து.

"ஏத்துங்க. போறேன். ஆனா வித்துட்டு இங்க குந்திக்கினு இருக்க மாட்டேன். நான் பெங்களூர்ல இருந்தாலும் அது தொறந்துதான் கெடக்கும்."

டீனா சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கரண்டி சுவரில் மோதியது. ஆனால் பலமாக இல்லை. யார் பக்கம் என்று தெரியாத மோதல்.

லவினா தம்பி பக்கம் திரும்பினாள். பேர் தெரியிற மாதிரி ஏன் வைத்தாய் என்று கேட்டாள். சும்மா ஒரு ஆராய்ச்சிக்கு என்றான். அவள் திட்டுவாள் என்று தயாராக நின்றான். பதிலுக்குச் சொல்ல நாலு நல்ல வரிகளும் வைத்திருந்தான். அவள் திட்டவில்லை. பணத்தைத் திருப்புகிறாயா, நானே கற்றுக்கொண்டு செய்யட்டுமா என்று மட்டும் கேட்டாள். அவன் திருப்பினான்.

பிறகு அவளே மைக்கை அழுத்தி மன்றத்துக்குப் பேசினாள். மேடைக் குரல் இல்லை. குழாயடியில் பக்கத்து வீட்டோடு பேசுகிற குரல்.

"நான் லவினா. பாட்டு என்னுது. இத நான் ஏலத்துக்குக் குடுக்கல. யாருக்கும் விக்கல. ஹரோல்ட் அங்கிளும் எடுத்துக்கலாம், சைலஸ் அண்ணனும் எடுத்துக்கலாம், ஒரே பாட்டப் பாடிச் சண்ட போடுங்க. கைல இல்லாதவங்க பூஜ்யம் போடுங்க, அதுக்கு வெக்கப்பட வேணாம். நான் போட்ட உழைப்புக்கு எவ்ளோன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. மரியகுழந்தைம்மா, மிச்சம் இல்ல. முழுசா இருக்கு."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

ஒருவரும் வரவில்லை. மன்றத்தில் பெயர்கள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். ஆனாலும் பொத்தானை எவரும் தொடவில்லை. காரணம் கிளமெண்டுக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. சொன்னவர் கொர்னேலியஸ். இல்லை என்று அவர் வாயால் வரும்வரை அது ஹரோல்ட்டின் பொருள். அடுத்தவன் ஏலம் எடுத்த பூசணிக்காயில் யார் கை வைப்பார்கள்?

ஹரோல்ட்டும் அதையேதான் எழுதினார். பணம் வந்து சேர்ந்தது, பணம் யாருக்கு வேண்டும், எனக்குச் சொல் வேண்டும் என்றார். அறுப்பின் பண்டிகைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அண்ணன் சபை முன்னால் நின்று, தான் சொன்ன மூன்றாம் தரம் செல்லாது என்று சொல்லட்டும், அதுவரை யாரும் எடுக்கக் கூடாது என்றார்.

கொர்னேலியஸ் அதைப் படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போகிறேன் என்று சொல்லாமல் வெளியே போனார்.

லவினா கீபோர்டைத் தோளில் மாட்டினாள். எங்கே என்று டீனா கேட்டாள். பாத்திரத்தைக் கேட்கவிடவில்லை, அவளேதான் கேட்டாள்.

"ஊரிகத்துக்கு. அவங்க எடுக்க மாட்டாங்க, நானே போயிப் பாடிக் காட்டிட்டு வரேன். யாரு ஏலம் எடுத்தாலும் என் தொண்டைய எடுக்கல இல்ல?"

சோறு ஆறிவிட்டது என்றாள் டீனா. வந்து சாப்பிடுகிறேன் என்றாள் லவினா. வெயிலில் இறங்கி லைன் கோடிவரை போய் முனை திரும்புகிற அக்காவைக் கிளமெண்ட் பார்த்துக்கொண்டு நின்றான். கீபோர்டு அவளைவிட நீளமாகத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். பக்கத்தைத் திறந்தான். பேர் தெரிவதை அணைத்தான், தொகை தெரிவதை அணைத்தான். காலையிலேயே செய்திருந்தால் இரண்டு விநாடி வேலை. பக்கம் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி ஆனது. பாட்டின் பேர், லவினாவின் பேர், காலியான ஒரு கட்டம். அதற்குக் கீழே, இதுவரை யாரும் எடுக்கவில்லை என்று ஒரு வரி.

ராச்சாப்பாட்டுக்கு அப்பா வந்து இந்த வரியைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு ரயில் நேரம் சொல்வார். அந்த வரி மாற வேண்டுமானால் யாராவது ஒருத்தர் முதலில் கை வைக்க வேண்டும். அது ஹரோல்ட்டைப் பகைத்துக்கொள்கிற வேலை. கொர்னேலியஸின் மூன்றாம் தரத்தை மீறுகிற வேலை. சபையில் எவனுக்கும் அந்தத் துணிச்சல் வராது என்று நினைத்தான். நினைத்தபோது வழக்கமாக வருகிற சிரிப்பு வரவில்லை.

குறை ஏதாவது இருக்கும், அதைச் சொல்லி அக்காவைக் கிண்டல் செய்யலாம் என்றுதான் ஆல்ட்டோவைப் போட்டுக் கேட்டான். நிர்வாகிக்குக் கேட்க அனுமதி உண்டு. குறை இருந்தது. இரண்டாவது சரணத்தின் நடுவே, இரண்டு கம்பளிகளையும் தாண்டி, குக்கர் மூடி டங்கென்று விழுந்தது. லவினா நிறுத்தவில்லை. அந்த டங்குக்கு மேலேயே, இம்மி பிசகாமல், அடுத்த வரியை எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

அவன் அந்த இடத்தை இன்னொரு தரம் கேட்டான்.

பிறகு நிர்வாகிக் கணக்கிலிருந்து வெளியே வந்தான். ஊரில் எவனும் வருகிற வழியில், முன் வாசல் வழியாக, பக்கத்தைத் திறந்தான். கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினான். அழித்தான். இன்னொன்று எழுதினான். அது என்ன என்பது அவனுக்கும் அவன் பர்ஸுக்கும் மட்டும் தெரியும். பெங்களூர் போய்வர இந்த மாத ரயில் பாஸ் எடுக்க வைத்திருந்த பணம் அந்த பர்ஸில்தான் இருந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"இன்னாடா பண்ற அங்க?" என்று டீனா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல மம்மி. டெஸ்டிங்."

பேர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினான். பக்கம் ஒரு சுற்று சுற்றி நின்றது. கட்டத்துக்குக் கீழே அந்த வரி மாறியிருந்தது.

ஒருவர் எடுத்துக்கொண்டார்.

கிளமெண்ட் போனைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து போய், அக்காவின் தட்டை ஒரு மூடி போட்டு மூடினான். சத்தம் வராமல்.